குமிழி எப்போது உடையும்?

சோப்புத் தண்ணீரில் ஸ்ட்ராவை முக்கி ஊதாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். குமிழி பறக்கும், நாம் துரத்துவோம், விரல் பட்டதும் அது காணாமல் போகும். அடுத்த முறை ஊதும்போது ஒரே ஒரு குமிழியை மட்டும் துரத்தாமல் விட்டுவைத்துக் கூர்ந்து பாருங்கள். அது உடைவதற்குச் சற்று முன்பே "இதோ, இப்போது உடையப்போகிறது!" என்று நீங்கள் சொல்லிவிடலாம். ஏனென்றால் குமிழியே தன் நிறத்தால் அதை அறிவிக்கிறது. அந்த நிறங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் கரைசல். ஒரு டம்ளர் குடிதண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டு ஸ்பூன், மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு ஸ்பூன். கிளிசரின் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. நுரை பொங்காமல் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும். குளியல் சோப்பை அதில் கரைத்தால் அந்த உப்புகளோடு சேர்ந்து வெள்ளைத் திரியாகத் திரண்டுவிடும், குமிழி வராது. உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது குளிக்கும்போதே தெரிந்த விஷயம்.

ஸ்ட்ரா இல்லாவிட்டால் பப்பாளி இலையின் காம்பு இருக்கிறது. இயற்கை நமக்குத் தந்த அருமையான ஊதுகுழல் அது. உள்ளே முழுக்கத் துளை. வெட்டியதும் வடியும் பாலை நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சோப்பே இல்லாமல் குமிழி விட்ட கதையைச் சொல்வார்கள். காட்டாமணக்குக் காம்பை ஒடித்தால் வழியும் பாலில் குமிழி வரும். அதை நீங்கள் செய்ய வேண்டாம். அந்தச் செடியின் விதை நஞ்சு, பால் தோலில் பட்டால் எரிச்சல் தரும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் நுரை வருவதைப் பாருங்கள், அது போதும். நகைகளையும் பட்டுப் புடவைகளையும் அந்த நுரையில்தான் கழுவுவார்கள். அதில் இருக்கும் சபோனின் என்ற பொருள் சோப்பு செய்யும் வேலையைச் செய்கிறது.

அது என்ன வேலை? வெறும் தண்ணீரை ஊதினால் ஏன் குமிழி பறப்பதில்லை?

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமிருந்தும் இழுப்பார் உண்டு. மேல்பரப்பில் இருப்பதை மேலிருந்து இழுக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் இருப்பவையும் கீழே இருப்பவையும்தான் இழுக்கும். அதனால் தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். குழாய் நுனியில் சொட்டு உருண்டையாகத் தொங்குவது இதனால்தான். தண்ணீரில் இந்த இழுவிசை மிக அதிகம். ஆகவே வெறும் தண்ணீரில் மெல்லிய படலம் உண்டானால் அது நொடியில் கிழிந்து சொட்டாகச் சுருண்டுவிடும்.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ஆகவே அவை மேற்பரப்புக்கு வந்து, தலையைத் தண்ணீருக்குள்ளும் வாலைக் காற்றுக்குள்ளும் நீட்டி வரிசையாக நிற்கும். குமிழியின் சுவரில் வெளிப்பக்கம் ஒரு சோப்பு அடுக்கு, உள்பக்கம் ஒரு சோப்பு அடுக்கு, நடுவில் தண்ணீர். சோப்பு சேர்ந்ததும் பரப்பு இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. சுவரின் ஓர் இடம் திடீரென்று மெலிந்தால் அங்கே சோப்பு கலைந்து இடைவெளி விழும். சோப்பு குறைந்த இடத்தில் இழுவிசை கூடும். கூடிய இழுவிசை அக்கம்பக்கத்துப் படலத்தைத் தண்ணீரோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மெலிந்த இடம் மறுபடி தடிக்கும். குமிழி தன் காயத்துக்குத் தானே மருந்து போட்டுக்கொள்கிறது! அதனால்தான் காற்றில் ஆடிக் குலுங்கினாலும் அது சட்டென்று உடைவதில்லை.

இந்த இழுவிசையை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளை மெல்லத் தூவுங்கள். விரல் நுனியில் சோப்பைத் தொட்டு நடுவில் வையுங்கள். தூள் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்தில் இழுவிசை குறைய, சுற்றியுள்ள தண்ணீர் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

சமையலறை என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானிகளில் ஒருவர் அவர். பெயர் ஆக்னஸ் போக்கல்ஸ். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். இயற்பியல் படிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்த நாட்களில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. தம்பி பிரீட்ரிக் கல்லூரிக்குப் போனார். அக்கா வீட்டில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு பாத்திரம் கழுவினார். கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் படும்போது அதன் மேற்பரப்பு மாறுவதைக் கவனித்தார். மற்றவர்கள் கொட்டிவிட்டுப் போகும் தண்ணீரை அவர் அளக்கத் தொடங்கினார்.

அவர் செய்த கருவி மிக எளியது. ஒரு தகரத் தொட்டி நிறையத் தண்ணீர். அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நெருங்கும் அல்லது விரியும். தராசில் ஒரு சின்னஞ்சிறு வட்டத் தகட்டைத் தொங்கவிட்டுத் தண்ணீர்ப்பரப்பில் படவைப்பார். அதைப் பரப்பிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு எடை தேவைப்படுகிறது என்று பார்த்து இழுவிசையைக் கணக்கிடுவார். இந்தச் சோதனைகளைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபதுதான்.

1891இல் தம் முடிவுகளை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அனுப்பினார். ராலேயும் அப்போது அதே ஆராய்ச்சியில் இருந்தார். முகம் தெரியாத ஒரு பெண் எழுதியது என்று ஒதுக்காமல், அதை ஆங்கிலத்தில் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். அந்தத் தகரத் தொட்டியைப் பின்னால் மேம்படுத்தி ஆராய்ந்தவர் அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர். பரப்பு வேதியியலுக்காக அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1932இல் ஆக்னஸுக்கு அவர் ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. இன்னும் முன்பே கொடுத்திருக்க வேண்டிய மரியாதை அது.

சரி, நம் குமிழிக்கு வருவோம். பறக்கும் குமிழியைக் கூர்ந்து பார்க்க நேரம் போதாது. ஆகவே தட்டில் வைத்துப் பார்க்கலாம். எவர்சில்வர் தட்டு வேண்டாம்; அதன் பளபளப்பில் நிறம் தெரியாது. கறுப்பு அல்லது கருநீல பிளாஸ்டிக் தட்டு நல்லது. தட்டு முழுவதையும் கரைசலால் நனைத்துவிடுங்கள். ஸ்ட்ராவின் நுனி தட்டைத் தொடும்படி வைத்து மெதுவாக ஊதுங்கள். பாதிக் கோளமாக ஒரு குமிழி எழும். ஸ்ட்ரா ஈரமாக இருந்தால் அதை வெளியே இழுத்தாலும் குமிழி உடையாது. ஈரமான விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. படலம் விரலின் ஈரத்தோடு சேர்ந்துகொள்ளும். உலர்ந்த விரல் பட்டால்தான் போச்சு.

பக்கத்திலேயே இன்னொன்றை ஊதி ஒட்டவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டாகும். இரண்டும் ஒரே அளவு என்றால் அந்தச் சுவர் நேராக நிற்கும். ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்றால்? சுவர் ஒரு பக்கம் புடைக்கும். எந்தப் பக்கம் என்று ஊதுவதற்கு முன்பே ஊகித்து வையுங்கள். பெரும்பாலோர் தப்பாகத்தான் சொல்வார்கள். சின்னக் குமிழிதான் பெரியதற்குள் புடைத்துக்கொண்டு போகும்! குமிழி சிறுக்கச் சிறுக்க உள்ளே காற்றழுத்தம் அதிகம். பாதி அளவுள்ள குமிழிக்குள் இரண்டு மடங்கு கூடுதல் அழுத்தம்.

மூன்றாவதையும் ஒட்டவிட்டால் மூன்று சுவர்கள் ஒரு கோட்டில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் கோணம் 120 பாகை. குமிழிகள் எந்த அளவில் இருந்தாலும் அது மாறாது. நான்கு குமிழிகளை ஒரே கோட்டில் சந்திக்க வைக்க முயன்று பாருங்கள். சறுக்கி நகர்ந்து மறுபடி மும்மூன்றாகப் பிரிந்துகொள்ளும். இந்த விதிகளைக் கண்டறிந்து 1873இல் நூலாக வெளியிட்டவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ. நாற்பது வயதைத் தாண்டியதும் பார்வையை முற்றிலும் இழந்தவர் அவர். கம்பிச் சட்டங்களைச் சோப்புக் கரைசலில் முக்கி எடுப்பது எப்படி என்று அவர் சொல்வார். குடும்பத்தாரும் உதவியாளர்களும் செய்து, கண்டதை விவரிப்பார்கள். அவர் கேட்டுச் சிந்தித்து எழுதவைப்பார். தாம் பார்க்கவே முடியாத குமிழிகளின் இலக்கணத்தை அவர்தான் உலகுக்குச் சொன்னார். அவர் சொன்னவை சரியே என்று ஜீன் டெய்லர் என்ற கணித அறிஞர் நிரூபித்தது 1976இல், நூறாண்டுக்குப் பிறகு.

இப்போது நிறங்கள். ஒற்றைக் குமிழி ஒன்றை ஊதி, அதன் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். இது நியூட்டன் செய்த வேலை. காற்றசைவு பட்டால் நிறங்கள் கலைகின்றன என்பதால் குமிழியைக் கண்ணாடியால் மூடிவைத்துப் பார்த்ததாக 1704இல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் படலத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கு வரும்படி உட்காருங்கள்.

சோப்புத் தண்ணீருக்கு நிறம் கிடையாதே, பிறகு இந்தப் பச்சையும் ஊதாவும் எங்கிருந்து வருகின்றன? வெளிச்சம் படலத்தின் வெளிப்பரப்பில் பட்டுக் கொஞ்சம் திரும்புகிறது. உள்ளே போய்ப் பின்பரப்பில் பட்டுக் கொஞ்சம் திரும்புகிறது. இரண்டு அலைகளும் ஒன்றாக நம் கண்ணுக்கு வருகின்றன. ஓர் ஊஞ்சலை இரண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தள்ளினால் அது உயரப் போகும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் இழுத்தால் நின்றுவிடும். ஒளி அலைகளும் அப்படியே. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒரு நிறம் வலுக்கிறது, இன்னொரு நிறம் அழிகிறது. இதைக் குறுக்கீட்டு விளைவு என்கிறோம்.

ஆக, நிறம் என்பது தடிமனின் அளவு. புதுக் குமிழியின் சுவர் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இத்தனை மெல்லிய ஒன்றை அளக்கும் அளவுகோல் நம் வீட்டில் இல்லை, ஆனால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சுவருக்குள் இருக்கும் தண்ணீர் கீழ்நோக்கி வடிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் ஆவியாகவும் போகும். அதனால் உச்சிதான் முதலில் மெலியும். தொடக்கத்தில் வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் தெரியும். அப்போது கவலையில்லை, சுவர் தடிமனாக இருக்கிறது. பிறகு நிறங்கள் அழுத்தமாகி வளையம் வளையமாக உச்சியிலிருந்து கீழே இறங்கும். நீலம், ஊதா வந்து போகும். அடுத்து உச்சியில் பொன்மஞ்சள். இங்கேதான் கண்ணை எடுக்கக் கூடாது. மஞ்சள் வெளுத்து வெள்ளியாகும். கடைசியில் உச்சியில் ஒரு சின்ன வட்டம் நிறமே இல்லாமல் கறுத்துத் தெரியும். ஓட்டை விழுந்துவிட்டதோ என்று தோன்றும், அத்தனை கறுப்பு.

ஓட்டை இல்லை. அங்கே படலம் சில பத்து நானோமீட்டருக்கு மெலிந்துவிட்டது. மைக்ரோமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். வெளிப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை தலைகீழாகப் புரண்டு திரும்பும். பின்பரப்பில் திரும்புவது புரளாது. படலம் இத்தனை மெலிந்தபின் இரண்டு அலைகளுக்கும் பயணத் தொலைவில் வித்தியாசமே இல்லை. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிராக வந்து எல்லா நிறங்களும் அழிந்துபோகின்றன. கறுப்பு வட்டம் தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "உடையப்போகிறது" என்று தைரியமாகச் சொல்லுங்கள். கிழிசல் தொடங்கினால் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவும். கண் இமைப்பதற்குள் தட்டில் சில சொட்டுகள் மட்டும் மிஞ்சும்.

நாள், நேரம், கரைசலில் என்னென்ன போட்டீர்கள், பொன்மஞ்சள் வந்ததிலிருந்து உடையும்வரை எத்தனை வினாடி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மார்கழிக் காலையிலும் சித்திரை மதியத்திலும் ஒரே கரைசலை ஊதி ஒப்பிடுங்கள். ஈரக்காற்றில் ஆவியாதல் குறைவு, ஆயுள் கூடும். கிளிசரின் போட்டது, சர்க்கரை போட்டது, இரண்டும் போடாதது என்று மூன்று தட்டு வைத்துப் பந்தயம் விடுங்கள். ஸ்ட்ராவில் ஊத மட்டும் வேண்டும், உறிஞ்சிவிடக் கூடாது. வீட்டில் குட்டித் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் சிந்திய தரை வழுக்கும். முடிந்ததும் நீங்களே துடைத்துவிடுங்கள், அப்போதுதான் நாளைக்கும் ஊத அனுமதி கிடைக்கும்.