ஒட்டிய நகம் ஏன் கழல்கிறது?

அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் பல் மருத்துவராக இருந்த பிரெடரிக் ஸ்லாக் என்பவர், 1954ஆம் ஆண்டில் ஒரு நாள், வேலையின்போது தம் விரல் நகத்தை முறித்துக்கொண்டார். பொய்ப்பல் செய்யப் பயன்படும் அக்ரிலிக் பொடியையும் அதற்குரிய நீர்மத்தையும் குழைத்து, மெல்லிய அலுமினியத் தகட்டை அச்சுப்போல் வைத்து, முறிந்த இடத்தில் ஒரு புதிய நகத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். வாய்க்கென அமைந்த பொருள் இவ்வாறு விரலுக்கு வந்தது. பிற்காலத்தில் அது பெரியதொரு வாணிகமாக வளர்ந்து, இன்று நம் நகரங்களின் அழகு நிலையங்களிலும் இடம்பெற்றிருக்கிறது.

அந்நகங்களை அணிவோர் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. புத்தம் புதிதாக ஒட்டிய நகம் சில நாட்களில் அடிப்பக்கத்தில் மெல்லக் கிளம்புகிறது. தலைமயிர் அதில் சிக்குகிறது. பிறகு ஒரு நாள் அது கழன்றே விழுந்துவிடுகிறது. உடனே நாம் பசையைப் பழிக்கிறோம். பெரும்பாலும் அந்தப் பழி பொருந்தாது. எதன்மேல் ஒட்டினோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நகம் என்பது கெராட்டின் என்னும் புரதப் பொருளாலானது. மயிரும் மாட்டின் கொம்பும் அப்பொருளாலானவையே. உயிர் நீத்த அணுக்கள் தட்டையாகி, ஓடு வேய்ந்தாற்போல அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதே நகத்தட்டு. கைவிரல் நகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். பார்வைக்குக் கண்ணாடித் துண்டுபோல் தோன்றினும், நகம் நீரை உறிஞ்சும் இயல்புடையது. துணி துவைத்து முடித்த கையைத் தொட்டுப் பாருங்கள். நகம் மென்மையாகி எளிதில் வளையும். உலர்ந்ததும் மீண்டும் சுருங்கி விறைப்பாகும். அதன்மேல் அமர்ந்திருக்கும் அக்ரிலிக்கோ அந்த அளவுக்கு நீரை ஏற்பதுமில்லை, உப்புவதுமில்லை. ஒன்று விரிந்து சுருங்க, மற்றொன்று அசையாது நிற்க, இரண்டும் சேரும் தளத்தில் நாள்தோறும் இழுபறி நடக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும்போது அதன்மேல் பூசிய வண்ணம் வெடிப்பதற்கும் காரணம் இதுவே.

ஆயினும் இந்த இழுபறியைப் பல வாரங்கள் தாங்கும் நகங்களும் உண்டு. மூன்றே நாளில் கிளம்பும் நகங்களின் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. நகத்தின் அடியில், தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தை உற்று நோக்குங்கள். அங்கிருந்து இறந்த தோலின் மெல்லிய ஏடு ஒன்று நகத்தோடு ஒட்டியபடியே மேலேறி வருகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இந்த ஏட்டை நீக்காமல் அக்ரிலிக்கைப் பூசினால், அது நகத்தைப் பற்றுவதில்லை; ஏட்டைத்தான் பற்றுகிறது. ஏடு உரியும்போது மேலுள்ளதும் உடன் கிளம்புகிறது. புழுதி படிந்த பழஞ்சுவரைத் தேய்க்காமல் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையும் இவ்வாறே இடையில் நின்று கெடுக்கும். துடைத்துத் தூய்மை செய்த நகத்தை மீண்டும் ஒருமுறை விரலால் தடவினாலே போதும், தோலின் எண்ணெய் அதில் ஏறிவிடும். (மருதாணிக்கு இத்தொல்லை இல்லை. அதன் சாயம் மேலே அமர்வதன்று. கெராட்டினுள் புகுந்து அதனோடு கூடிவிடுகிறது. ஆகவே அது கழல்வதில்லை, நகம் வளர்ந்துதான் வெளியேறுகிறது.)

குழைக்கும் முறையிலும் பிழை நேர்வதுண்டு. அக்ரிலிக் நீர்மம் கெட்டியாகும்போது அதன் மூலக்கூறுகள் கைகோத்து நெருங்குவதால் பருமன் குறைகிறது. மெத்தில் மெத்தாக்ரிலேட் நீர்மம் தனியே கெட்டியானால் நூற்றுக்கு 21 பங்கு சுருங்கும். பொடியை மிகுதியாகச் சேர்ப்பது இச்சுருக்கத்தைக் குறைப்பதற்கே. நீர்மம் மிகுந்துவிட்டால் சுருக்கமும் மிகும். ஓரங்கள் உள்நோக்கி இழுபட்டுத் தூக்கிக்கொள்ளும். புற ஊதா ஒளியால் இறுகச் செய்யும் ஜெல் வகையைத் தடிப்பாகப் பூசினால், ஒளி அடிவரை எட்டாது. மேலே கல்லாகவும் கீழே களியாகவும் நிற்கும் பூச்சு எவ்வாறு பற்றும்? பெட்டியில் வாங்கி ஒட்டும் நகங்களில் வேறொரு குறை. அவற்றின் வளைவு நம் நகத்தின் வளைவோடு பொருந்தாவிடில் இடையே காற்று தங்கும். அங்கே பசை இருந்தும் பயனில்லை.

நீளத்தையும் கருதவேண்டும். நீண்ட நகத்தின் நுனியில் ஒரு பொத்தானை அழுத்தினால், நகம் நெம்புகோலாக மாறி, நுனியிலிட்ட விசை அடிப்பக்கத்தை மேலே தூக்குகிறது. மேலும் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முறிவைத் தாங்குவதற்காக நடுவில் தடிப்பாக அமைத்த பகுதி அவ்வளர்ச்சியோடு முன்னே நகர்ந்துவிட, அடியில் வெற்றிடம் தோன்றுகிறது. இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை அவ்விடத்தை நிரப்பச் சொல்வது வாணிகத் தந்திரம் மட்டுமன்று.

அப்படியானால் ஒருபோதும் விடாத பசையைக் கண்டுபிடிக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். கிட்டத்தட்ட அத்தகைய ஒன்று முன்பே இருந்தது. தொடக்க காலத்தில் பயன்பட்ட மெத்தில் மெத்தாக்ரிலேட் நகங்கள் மிகக் கடினமானவை. அவை எங்கேனும் மாட்டிக்கொண்டால், செயற்கை நகம் கழல்வதற்கு முன் இயற்கை நகமே கிழியும். நகச் சேதம், தோல் அழற்சி எனப் புகார்கள் வரவே, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்நீர்மத்திற்கு எதிராக நீதிமன்ற நடவடிக்கை மேற்கொண்டது. பின்னர் எத்தில் மெத்தாக்ரிலேட் பெரிதும் அதன் இடத்தைப் பெற்றது. நகத்தின் அடுக்குகள் தம்முள் பற்றியிருக்கும் வலிமையைவிட மேலே ஒட்டியதன் பற்று மிகுந்தால் உரிவது நகமே. ஆதலால், வேளை வரும்போது கழல்கின்ற நகத்தை முழுக் குறையென்று நான் கருதவில்லை. பற்று மிகவேண்டும் என்று நகத்தை அரத்தால் ஆழமாகத் தேய்ப்பதும் இதனால்தான் தவறாகிறது. நீக்கவேண்டியது மேலுள்ள ஏட்டையும் எண்ணெயையும் மட்டுமே.

கிளம்பிய நகத்தை மீண்டும் பசையிட்டு அமுக்குவது இன்னும் கெடுதி. அந்த இடுக்கில் நீர் புகுந்து தேங்கும். ஈரத்தை விரும்பும் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் அங்கே பெருகினால் நகத்தில் பச்சை நிறம் படியும். பசை வைத்து மூடுவது அதற்கு வீடு கட்டித் தருவதாகும். இது அழகைப்பற்றிய செய்தி மட்டும் அன்று. 1997, 1998ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் 46 குழந்தைகளிடம் இந்நுண்ணுயிர் காணப்பட்டது. அவர்களுள் 16 குழந்தைகள் இறந்தன. நீண்ட இயற்கை நகம் கொண்ட ஒரு செவிலியர், நீண்ட செயற்கை நகம் அணிந்த மற்றொரு செவிலியர் ஆகியோரின் கைகளிலும் அது இருந்தது. நோய் பரவ நகங்கள் துணைபோயிருக்கலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். கடும் நோயாளிகளைத் தொடுவோர் செயற்கை நகம் அணியலாகாது என 2002இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் பரிந்துரைத்தன. செவிலியர் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவியர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கிளம்பிய நகத்தைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் நகத்தின் மேலடுக்குகள் உடன் வரும். அக்ரிலிக்காயின் அசிட்டோனில் ஊறவைத்து இளகச் செய்து, தானே விடும்போது எடுக்கவேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே அதைத் திறக்கலாகாது. அவசரத்தில் பிடுங்கி மெலிந்துபோன நகம் அடியிலிருந்து நுனிவரை முழுதும் புதிதாக வளர்ந்து வர, ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.