அதே ரைஃபிள், அதே குண்டு... ஆனா குறி ஏன் மாறுது? பித்தளை உறை செய்யும் வேலை!

பப்ஜி ஆடியிருக்கீங்களா? அப்போ 7.62 தோட்டா உங்களுக்கு நல்லாவே பழக்கம். தரையில் கிடப்பதை எடுத்து லோடு பண்ணினா போதும், எங்கே எடுத்த தோட்டாவும் ஒரே மாதிரிதான் பாயும். நிஜத்தில் கதையே வேற!

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், தொலைதூரப் போட்டிகளில் சுடுகிறவர்கள் எனப் பலர் தங்களுக்கான தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். இதற்கு 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். சுட்டு முடித்த பித்தளை உறையைப் பத்திரப்படுத்தி, மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள். அவர்களில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. அதே மருந்து, அதே பிரைமர், அதே குண்டு. உறையை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினால், ஏற்கெனவே சரிபார்த்து வைத்த குறி தள்ளிப் படுகிறது. உறை துப்பாக்கிக்குள்ளேயே நின்றுவிடுகிறது, பறந்து போவது குண்டு மட்டும்தானே? அப்புறம் எப்படி?

வெளியே ஒரே சைஸ், உள்ளே வேற சைஸ்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பற்றவைக்கும் பிரைமர், எரியும் மருந்து, பாயும் குண்டு, இவை மூன்றையும் தாங்கும் பித்தளை உறை. இந்தப் பித்தளையில் 70% செம்பு, 30% துத்தநாகம்.

1952-ல் அறிமுகமான .308 வின்செஸ்டர் ரகத்தையே எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி உறையானாலும் வெளி அளவு ஒன்றுதான். இல்லாவிட்டால் துப்பாக்கிக்குள் போகாது. ஆனால், எடை ஒன்றல்ல. கம்பெனிக்குக் கம்பெனி சுமார் 1 கிராம் வரைகூட வித்தியாசம் இருக்கும். வெளி அளவு மாறாமல் எடை கூடுகிறது என்றால், அந்தக் கூடுதல் பித்தளை எங்கே இருக்கும்? பெரும்பாலும் உள்பக்கச் சுவரில்தான். அதாவது, உள்ளே இடம் குறையும். 1 கிராம் பித்தளை என்பது .308 உறையின் கொள்ளளவில் சுமார் 3%.

சைக்கிள் டியூபுக்கும் பைக் டியூபுக்கும் ஒரே எண்ணிக்கையில் பம்ப் அடிச்சுப் பாருங்க. எது சீக்கிரம் இறுகும்? சைக்கிள் டியூப்தான். இங்கேயும் அதேதான். ஒரே அளவு மருந்து சின்ன இடத்தில் எரிந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் குண்டின் வேகமும் கூடும்.

வேகம் மட்டுமே காரணமா?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். நொடிக்கு சுமார் 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டின் வேகம் 1% கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில், அதனால் குறி உயர்வது 2 மி.மீ.கூட வராது. 600 கஜத்தில்தான் அது சுமார் 6 செ.மீ. ஆகும்.

ஆனால், 100 கஜத்திலேயே 2, 3 செ.மீ. தள்ளிப் படுவதுண்டு. சில சமயம் மேலே போகாமல் பக்கவாட்டில் போகும். ஏன்? சுடும்போது இரும்புக் குழல் அசையாமல் நிற்பதில்லை. தட்டிவிட்ட ஸ்கேல் மாதிரி அதிரும். அந்த அதிர்வில் குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கும்போது குண்டு வெளியேறுகிறது என்பது முக்கியம். அழுத்தமும் வேகமும் மாறினால் அந்தக் கணமும் மாறும், குறியும் நகரும்.

அடுத்தது, உறையின் கழுத்து. குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு இது நல்லாவே தெரியும்: அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும், பதமாகச் சூடாக்கினால் இளகும். பலமுறை சுட்ட உறையின் கழுத்தும் அப்படித்தான் இறுகிப்போகும். புது உறை ஒரு பிடி, பழைய உறை வேறு பிடி. இரண்டையும் கலந்து சுட்டால் குண்டுகள் சிதறும்.

ஒரு குண்டை வைத்து முடிவு பண்ணாதீங்க

அனுபவசாலிகள் உறைகளைக் கம்பெனி வாரியாகவும், எத்தனை முறை சுட்டது என்பதை வைத்தும் தனித்தனி டப்பாவில் வைக்கிறார்கள். உறை மாறினால், குறைந்தது ஐந்து குண்டுகளைச் சுட்டு, அவை பட்ட இடங்களின் நடுப்புள்ளியைப் பழைய நடுப்புள்ளியோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாகப் பட்டு, மொத்தமாக நகர்ந்திருந்தால் ஸ்கோப்பைத் திருப்பினாலே சரியாகிவிடும். சிதறிப் பட்டிருந்தால் ஸ்கோப்பைத் தொட்டுப் பயனில்லை, தோட்டாவைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அழுத்த வரம்பு 62,000 பிஎஸ்ஐ. உங்க கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான்! மெல்லிய உறையில் வரம்பை ஒட்டி நின்ற அதே அளவு மருந்து, தடித்த உறையில் வரம்பைத் தாண்டலாம். அந்த அழுத்தம் வெடிப்பது சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலம் தள்ளித்தான். அதனால்தான் உறையை மாற்றினால் மருந்தைக் குறைத்து, முதலிலிருந்து படிப்படியாகச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படைப் பாடம். வேட்டையிலும் விலை உண்டு. குறி தவறினால் மான் உடனே சாகாது, காயத்தோடு காட்டுக்குள் ஓடும்.

நம்ம ஊர் வீரர்களுக்கும் இது உண்டு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன்ஸ் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ. அங்கே பயன்படுவது ஃபேக்டரியில் தயாரான .22 தோட்டாக்கள். அதிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும், தயாரான தொகுதி மாறினால் குறியும் மாறலாம். அதனால் முன்னணி வீரர்கள் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயம் கவனம்: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். வீடியோ பார்த்து முயற்சி பண்ற வேலையே வேண்டாம். துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் இருந்தா, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சியாளரிடம் கத்துக்கோங்க. அடுத்த முறை டிவியில் ஒரு வீரர் 10.9 சுடும்போது, அவர் கண்ணையும் கையையும் மட்டும் பாராட்டாதீங்க. அந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க அவர் செலவழித்த நாள்களும் அந்தப் புள்ளிக்குள் இருக்கு!