தூறலில் சீறும் மின்கம்பம்

அடைமழையைவிட, அதற்கு முன் வரும் தூறலும் மார்கழிப் பனியும்தான் உயரழுத்த மின்பாதைக்குச் சோதனை. கம்பியையும் கம்பத்தையும் பிரித்துவைக்கும் பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த தூசி, காய்ந்திருக்கும்வரை சாது. ஈரம் பட்டால் அதிலுள்ள உப்புகள் கரைந்து மின்சாரம் கசியத் தொடங்கும். கசிவின் சூட்டில் ஆங்காங்கே ஈரம் காயும். காய்ந்த பட்டைகளின் குறுக்கே பொறிகள் தாவும். இரவில் நீலமாகத் தெரியும், உஸ்ஸென்று சீறும். பொறிகள் சேர்ந்து முழு நீளத்தையும் தாண்டினால் லைன் ட்ரிப் ஆகும். பீங்கான் வெடிக்கலாம், கம்பியே அறுந்து விழலாம்.

கனமழை தூசியைக் கழுவிவிடும் என்பார்கள். பெரம்பலூர்க் கல்குவாரித் தூசிக்கு அது ஓரளவு பொருந்தும். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில் பொருந்தாது. சிமெண்ட் தூசி நனைந்தால் இறுகிவிடும். லைனை நிறுத்தி, ஆள் ஏறித்தான் தேய்த்தெடுக்க வேண்டும். மாசு குறைந்த இடத்தில் ஒரு கிலோவோல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் இன்சுலேட்டர் மேற்பரப்பு நீளம் போதுமென்றால், மிகு மாசுப் பகுதிக்கு 31 வேண்டும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கணக்கு. நீரைப் படலமாகப் பரவவிடாத சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர்களும் உண்டு. ஆக, மழைமேல் பழிபோடுவது பாதி நியாயம்தான், மீதி பராமரிப்பு.

சீறல் கேட்டாலோ பொறி தெரிந்தாலோ கம்பத்தையும் ஸ்டே கம்பியையும் தொடாதீர்கள். மாட்டை அதில் கட்டவே வேண்டாம். அறுந்த கம்பி கிடந்தால் பத்து மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள். அருகில் மாட்டிக்கொண்டால், பாதங்களைச் சேர்த்துத் தரையோடு தேய்த்தபடி நகருங்கள். அகலக் கால் வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு கூடி, உடல்வழியே மின்சாரம் பாயும்.

கம்பத்தின் எண்ணைத் தள்ளிநின்று குறித்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பலனில்லையென்றால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42இன்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டங்களுக்கும் பெரம்பலூர் மின் பகிர்மான வட்டமே பொறுப்பு. மன்றத்திலும் தீராவிட்டால் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

உயிர் போனால் விஷயம் வேறு. அறுந்து கிடந்த கம்பியால் சைக்கிளில் சென்றவர் இறந்த வழக்கில், ‘ஒருவர் திருட்டுத்தனமாக இழுத்த கம்பி’ என்ற மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2002இல் ஏற்கவில்லை. ஆபத்தான தொழிலை நடத்துபவர், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்றது. அந்த இழப்பீட்டைக் கேட்க முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளரின் விசாரணை அறிக்கை மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.