தோட்டத்துக்குள் வரும் மின்கோபுரம்... `முடியாது' என்று சொல்ல முடியுமா?

அளக்கும் கருவியோடு நான்கு பேர் வருவார்கள். தென்னைக்கு நடுவே கல் நட்டு, பெயின்ட்டில் ஓர் எண்ணை எழுதுவார்கள். என்னவென்று கேட்டால், ``டவர் லைன் போகுதுங்க, கவர்மென்ட் வேலை'' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2018-ல் ராய்கர்-புகளூர் 800 கிலோவோல்ட் மின்பாதைக்கு எதிராக கொங்குப் பகுதி விவசாயிகள் போராடியபோது ஊர் ஊராகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: `என் நிலத்துக்குள் வர என்னைக் கேட்க வேண்டாமா?'

கசப்பான பதில், பெரும்பாலும் வேண்டாம். 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164-வது பிரிவு, மின்பாதை அமைப்பவருக்கு அந்தக் காலத்துத் தந்தித் துறையின் அதிகாரத்தை வழங்க அரசுக்கு வழிசெய்கிறது. அந்த அதிகாரம் 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்திலிருந்து வருவது. தந்தியே போய்விட்டது, கோபுரத்துக்காக அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்!

அதனால், வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ``உங்களுக்கு 164-வது பிரிவு அதிகாரம் இருக்கிறதா? உத்தரவின் நகலைக் கொடுங்கள்'' என்பதுதான். அந்த அதிகாரம் இல்லையென்றால், 2006-ம் ஆண்டு விதிகளின்படி உங்கள் சம்மதம் தேவை. நீங்கள் மறுத்தால் கலெக்டரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கி வர வேண்டும்.

அதிகாரம் இருந்தாலும் அது அளவற்றது அல்ல. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அவர்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. சேதத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும், ஆன சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று 10-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் தடுத்தால் அவர்கள் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும். `கோபுரத்தை வேலி ஓரமாகத் தள்ளி வையுங்கள், கிணற்றை விட்டு விலக்குங்கள்' என்று மாற்றுப்பாதையை வரைபடத்தோடு சொல்ல வேண்டிய இடம் அதுதான். உத்தரவு வந்த பிறகு மறிப்பது குற்றமாகிவிடும்.

அடுத்தது, பணம். கம்பிக்குக் கீழே சோளம், கடலை போடலாம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்டவும் முடியாது. கோபுரம் நிற்கும் இடத்தைவிட இந்தப் பட்டைதான் உண்மையான இழப்பு. 2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரத்தின் அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவிகிதமும், கம்பி செல்லும் பட்டைக்கு 30 சதவிகிதமும் தரச் சொல்கிறது. 2015-ல் இவை 85, 15 என்றிருந்தன. இது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. உங்கள் லைனுக்கு எந்த விகிதம் என்பதைக் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். மரம், பயிருக்கான தொகை தனி.

ஆட்கள் உள்ளே இறங்கும் முன்பே ஒவ்வொரு மரத்தையும், போர்வெல்லையும், சொட்டுநீர்க் குழாயையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ-விடம் அடங்கல் நகல் வாங்குங்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் தொகை போதாது என்றால், பணத்தை வாங்கும்போதே `ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என எழுதிவிட்டு, மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். கலெக்டர் சொன்னதுதான் முடிவு என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் நீதிபதிக்குத்தான் கொடுத்திருக்கிறது. நிலம் இருக்கும் இடம், லைன் குறுக்கே போகிறதா, ஓரமாகப் போகிறதா என்பதையெல்லாம் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 2007-ல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பல வருடம் கழித்து அங்கே மகனுக்கு வீடு கட்ட நினைத்தால்? லைனை நகர்த்தவோ உயர்த்தவோ கேட்க 17-வது பிரிவில் வழி உண்டு. ஏற்கெனவே இழப்பீடு வாங்கியிருந்தால், நகர்த்தும் செலவு அல்லது வாங்கிய தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதை நீங்கள் கட்ட வேண்டும். பெரிய கோபுரங்களில் இது சுலபத்தில் நடக்காது. ஆனால், வீட்டு மனைக்கு மேலே போகும் சிறிய லைன் என்றால் மனு போட்டுப் பார்க்கலாம். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால், அதே மனுவோடு கலெக்டரிடம் போகலாம்.