எண்பது மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை

அமெரிக்காவில் குடியேறிய குழந்தைகள் உளவியலாளர் அனுராதா சாஹா 1998-இல் கணவருடன் கொல்கத்தா வந்திருந்தார். வந்த இடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. ஊரறிந்த மருத்துவரான சுகுமார் முகர்ஜி மே 7 அன்று எழுதிக் கொடுத்தது டெப்போமெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசி: 80 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். உடல்நிலை மோசமாகி மே 11 அன்று டாக்குரியா ஆம்ரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து மே 17 அன்று விமானத்தில் மும்பை பிரீச் கேண்டிக்கு. மே 28 அன்று இறந்துபோனார்.

வந்த நோய் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். பெரும்பாலும் ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போய், தீக்காயம் பட்டதுபோல் மேல்தோல் உரிந்து வரும் கொடிய நிலை. அதை ஊசிதான் உண்டாக்கியது என்பதல்ல வழக்கு. வந்த நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டின் வகையும் அளவும் சரியா என்பதே கேள்வி.

டெப்போமெட்ரால் குப்பியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் வெள்ளைப் பொடி அடியில் படியும், குலுக்கினால் பால் நிறமாகும். கரையாத அந்தப் பொடிதான் மருந்து. தசையிலோ மூட்டிலோ தங்கி, நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் கரைந்து வேலை செய்யும். அதனால் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் வாரங்கள் இடைவெளி விடுவதுதான் வழக்கம். அதை ஒரே நாளில் இரண்டு வேளை போட்டது தயாரிப்பு நிறுவனமே சொன்ன உச்ச அளவைத் தாண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2009 ஆகஸ்ட் 7 தீர்ப்பில் கூறியது. பிறகு பார்த்த மருத்துவர்களும் ஸ்டீராய்டைத் தொடர்ந்ததையும், இந்த நோய்க்கு அத்தியாவசியமான துணைச் சிகிச்சை சரிவரக் கிடைக்காததையும் சேர்த்தே கண்டித்தது.

கொல்கத்தாவின் பவானிபூர்வாசிகளுக்கு இந்த வழக்கு தூரத்துச் செய்தி அல்ல. பக்கத்து அலிப்பூர் நீதிமன்றம்தான் 2002-இல் இரண்டு மருத்துவர்களைக் குற்றவாளிகள் என்றது. 2004-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது, உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. ஆனால் சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் அளவுக்கான அலட்சியம் வேறு, நஷ்ட ஈடு தரவேண்டிய அலட்சியம் வேறு. இரண்டாவது நிரூபணமானது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2011-இல் சுமார் 1.7 கோடி ரூபாய் தரச் சொன்னது. 2013 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை 5.96 கோடியாக உயர்த்தி, 6 சதவீத வட்டியும் சேர்த்தது. அதில் பெரும்பகுதி மருத்துவமனையின் தலையில் விழுந்தது. மனைவிக்காக வழக்கு நடத்திய குணால் சாஹாவே ஒரு மருத்துவர். அவருக்கே பதினைந்து ஆண்டு பிடித்தது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே அலற வேண்டாம். மூச்சுத் திணறி வரும் ஆஸ்துமா நோயாளிக்கு ஹைட்ரோகார்டிசோன் ஊசி உயிர் காக்கும். குறைமாதப் பிரசவம் வரும்போலிருந்தால் தாய்க்குப் போடும் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன், குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்தும். ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளைக் காப்பாற்றியதும் டெக்சாமெத்தசோன்தான். ஆனால் 2021-இல், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஸ்டீராய்டு அளவுமீறிப் போனபோது கருப்புப் பூஞ்சை வந்ததையும் பார்த்தோம்.

பெரிய ஆஸ்பத்திரிகளைவிட எனக்குக் கவலை தெருமுனை கிளினிக்கின் மேல்தான். சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலிக்குக்கூட டெக்சாமெத்தசோனை ஏற்றினால் ஒரே நாளில் தெம்பு வந்துவிடும், டாக்டர் கைராசிக்காரர் என்று பேரும் வரும். அடியில் இருக்கும் தொற்று மறைந்து நின்று வளரும். ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்’ என்று கேட்டு வாங்குவதும் நாம்தானே!

மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போடுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பு தேயலாம், இடுப்பு மூட்டு எலும்பு இரத்தமின்றிச் செத்துப்போகலாம். பல வாரம் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது, அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும்.

ஊசி போடும்முன் கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், அடுத்தது எப்போது? கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் சீட்டில் எழுத்தாக வரட்டும். சாஹா வழக்கிலும் அளவைக் காட்டிக்கொடுத்தது மருத்துவர் கைப்பட எழுதிய சீட்டு. குப்பியின் அட்டைப்பெட்டி, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

பக்கவிளைவு வந்தால் முதலில் சிகிச்சை, அப்புறம்தான் புகார். மருந்தின் பாதகத்தை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே சொல்லலாம். மேற்கு வங்கத்தில் 2017 சட்டப்படி அமைந்த மருத்துவ நிறுவன ஒழுங்குமுறை ஆணையம் தனியார் மருத்துவமனைகளின் கட்டணம், சேவைக் குறைபாடு பற்றிய புகார்களை விசாரிக்கிறது. மருத்துவரின் தவறென்றால் மாநில மருத்துவக் கவுன்சில். தமிழ்நாட்டில் போலி டாக்டர் பற்றிய புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம்.

நஷ்ட ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போகலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது, சிவில் நீதிமன்றம்தான். ஆணையத்துக்குப் போவதற்குக் கெடு இரண்டு ஆண்டு. குணால் சாஹா அடுத்த ஆண்டே, 1999-இல், தேசிய ஆணையத்தின் கதவைத் தட்டிவிட்டார்.