பஞ்சாங்கம் முதல் நாவல் வரை: வாசகர் தரும் அபிப்பிராயம்

இலக்கியம் பற்றிப் பேசும் இந்தத் தொடரில் இன்று இலக்கியமல்லாத ஒரு நூலிலிருந்து தொடங்கலாம் என நினைக்கிறேன். நம்மவர் வீடுகளில் ஆண்டு முழுவதும் மிகக் கூடுதலாகத் திறந்து பார்க்கப்படும் புத்தகம் எது? திருக்குறள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. சுவரில் ஓர் ஆணியில் நூல் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் பஞ்சாங்கமே அது.

தெஹிவளையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், "நல்லாயிருக்கு", "பரவாயில்லை" என்ற இரண்டு சொற்களோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் ஆதாரத்துடன் பேசுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஞ்சாங்கங்களில் கொக்குவில் இரகுநாதையர் மரபில் வருவது வாக்கியம், மட்டுவிலிலிருந்து வருவது திருக்கணிதம். முன்னது பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது. பின்னது கிரகநிலைகளை வானியல் அவதானிப்புக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. இதனால் புண்ணிய காலமும் சில ஆண்டுகளில் விரதநாளும் வேறுபடும். வாசகர் என்ன செய்கிறார்? இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். முறையியலை விசாரிக்கிறார். தம் ஊர்க் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார். ஒப்பீடு, ஆதாரம், மரபு என்று திறனாய்வாளர் பயன்படுத்தும் கருவிகள் யாவும் அங்கே இருக்கின்றன. அதைத் திறனாய்வு என்று நாம் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

நமது இலக்கிய உலகில் 'வாசகர்' என்றால் சிறுகதையும் நாவலும் கவிதையும் படிப்பவர் என்றே கொள்ளப்படுகிறது. ஆனால் அந்த மனிதர் அதே வாரத்தில் ஒரு சமையல் நூலையும், மகனின் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் தொகுப்பையும், நீரிழிவு பற்றிய ஒரு கைநூலையும் புரட்டியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் அவர் தரும் மறுமொழி வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல், "நமது வாசகர்களின் இரசனை தாழ்ந்துவிட்டது" என்று மேடைகளில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசகரின் மறுமொழியைச் சோதனை முறையில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தம் வகுப்புக்கு வந்தவர்களுக்குக் கவிதைகளை அச்சிட்டுக் கொடுத்தார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டார். நிதானமாகப் பலமுறை படித்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். வந்த குறிப்புகளைப் பதின்மூன்று கவிதைகளுடன் சேர்த்து 1929இல் நூலாக வெளியிட்டார். பெரும் புலவர்கள் எழுதியவற்றைப் பலர் மட்டம் தட்டியிருந்தார்கள். சாமானியமான செய்யுள்கள் பாராட்டுப் பெற்றிருந்தன. வாசிப்பில் நேரும் பத்து இடர்ப்பாடுகளை ரிச்சர்ட்ஸ் வகைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, வாசகரின் சொந்த ஞாபகங்கள் பாட்டுக்குள் புகுந்து அதன் பொருளைத் திசைதிருப்பிவிடுவது.

கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது மிகவும் பயனுள்ள நூல். நானும் அதனால் பயன்பெற்றவன். ஆனால் அவர் சோதித்தது கவிதை வாசிப்பை மாத்திரம். சோதனைக்குட்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள். பஸ்சில் படிப்பவரும் குசினியில் படிப்பவரும் அங்கே இல்லை.

அமெரிக்கரான லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அம்மையார் இந்த இடத்தில் நமக்குக் கூடுதலாக உதவுகிறார். 1978இல் வெளியான தமது நூலில் வாசிப்பில் இரு நிலைகள் உண்டு என்றார். ஒன்று, படித்து முடித்தபின் எடுத்துச் செல்லவேண்டிய தகவலுக்காகப் படிப்பது. மற்றது, படிக்கும்போதே நிகழும் அனுபவத்துக்காகப் படிப்பது. முதலாவதற்கு அவர் தந்த உதாரணம் மறக்க முடியாதது. நஞ்சைக் குடித்துவிட்ட குழந்தையின் தாய், அந்தப் போத்தலின் சீட்டில் மாற்று மருந்து என்ன என்று தேடிப் படிக்கிறாள். அந்த வேளையில் அவளுக்குச் சொல்லழகு எதற்கு? ரோசன்பிளாட் வற்புறுத்தும் விஷயம், இவ்விரு நிலைகளும் நூலுக்குள் பூட்டிவைக்கப்பட்டவை அல்ல என்பதே. எந்த நூலையும் எந்த நிலையில் நின்றும் படிக்கலாம். நிலையை எடுப்பவர் வாசகர்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பாமசியொன்றில் வேலை செய்கிறார். தெஹிவளையில் ரயிலேறிப் பாணந்துறைக்குப் போய் வருபவர். 'பொன்னியின் செல்வ'னை ரயிலிலேயே படித்து முடித்தார். வந்தியத்தேவன் குதிரையில் ஏறினால் மொறட்டுவையும் தெரியாது, எகொட உயனவும் தெரியாது என்பார். வரலாற்றுப் பிழை இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார். அதே மனிதர் மருந்து விபரக் கைநூல் ஒன்றைப் பிடித்தால் வேறு ஆள். குழந்தைக்குரிய அளவு ஓரிடத்தில் தசமப்புள்ளி பிசகி அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்து, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கடையில் உள்ள எல்லோருக்கும் காட்டினார். நுண்ணிய வாசிப்பு என்று பல்கலைக்கழகத்தில் எதைச் சொல்கிறார்களோ, அது அந்தச் சிவப்பு வட்டத்தில் இருந்தது. கல்கிக்கு அவர் தம்மை ஒப்புக்கொடுக்கிறார். கைநூலை அவர் நம்ப மறுக்கிறார். இரண்டுமே சரியான வாசிப்புகள்தாம்.

ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் கண்ணதாசனின் 'அர்த்தமுள்ள இந்துமதம்' நூலை மனைவிக்கு உரத்து வாசித்துக் காட்டுவார். ஒரு வரியோடும் தர்க்கம் செய்யமாட்டார். யாழ்ப்பாண வரலாறு பற்றிய நூலென்றால் ஓரத்தில் "ஆதாரம்?" என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போவார். முதலில் அவர் தேடுவது தம் ஊர்ப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைத்தான். ஊர் வரவில்லையென்றால் நூலாசிரியர் பாடு அவ்வளவுதான்!

நம்மிடையே மட்டும் காணப்படும் ஒரு நூல்வகையையும் இங்கே சொல்லவேண்டும். ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் வருவோருக்கு வழங்கப்படும் நினைவு மலர், அதாவது கல்வெட்டு. தேவார திருவாசகங்களோடு நின்ற இம்மலர்களில் காலப்போக்கில் வீட்டு வைத்தியம், சமையற் குறிப்பு, ஊர் வரலாறு, பொது அறிவு என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. இதை விலைகொடுத்து வாங்குபவர் இல்லை. விமர்சிப்பவரும் இல்லை. எறிபவரும் இல்லை. கையில் வாங்கியதும் பலர் திருப்புவது வம்சாவளிப் பக்கத்தை. "இதிலை சின்னத்தம்பியற்றை மூத்தவளை விட்டிட்டினம்" என்று யாரோ ஒருவர் கட்டாயம் சொல்வார். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர் போல அவர்கள் அதைப் படிக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இம்மலர்களையும் ஆவணங்களாகச் சேர்த்துவருவது மிகச் சரியான காரியம்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. நம்மிடையே இரண்டாவதைப் பற்றிய பேச்சு நிறைய. மூன்றாவதைப் பற்றி, அதாவது எழுதப்பட்ட நூல் தன் வாசகரைக் கண்டடைந்ததா, கண்டடைந்தபோது என்ன நடந்தது என்பது பற்றி, நாம் கேட்பது குறைவு.

கொழும்பில் அதைக் கேட்கும் இடமாகக் கருதப்படுவது நூல் வெளியீட்டு விழா. தலைமையுரை, வாழ்த்துரை, முதற் பிரதி, சிறப்புப் பிரதிகள், மதிப்புரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். மதிப்புரை வழங்குபவருக்கு நூல் முன்கூட்டியே போயிருக்கும். சபையில் உள்ளவர்கள் அன்றுதான் நூலைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே நூலைப் படித்தவர் வாயைத் திறப்பதற்கு அங்கே வழியில்லை. சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அதிற் பாதியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, ஒரு வரி மறுமொழியும் வராமல் காத்திருக்கும் எழுத்தாளர்களை நான் நன்கறிவேன். எழுதுபவருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

முன்பு வேறு வழிகள் இருந்தன. 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கி 2012 வரை வெளிவந்த 'மல்லிகை'யின் 'தூண்டில்' கேள்வி-பதில் பகுதியில் வாசகர்கள் இலக்கியத்தையும் கேட்டார்கள், அரசியலையும் கேட்டார்கள், ஆசிரியரின் சொந்த விஷயத்தையும் கேட்டார்கள். சஞ்சிகையைச் சுமந்துகொண்டு வீதி வீதியாக ஜீவாவே விற்றதால், வாசகரின் அபிப்பிராயம் தபாலுக்குக் காத்திராமல் முகத்துக்கு நேரே வந்தது. நூல்நிலையப் பிரதிகளும் ஒருவகையில் இப்படித்தான். கடைசித் தாளில் ஒட்டிய திகதிச் சீட்டும், ஓரங்களில் பலர் எழுதிய பென்சில் குறிப்புகளும் அந்நூலின் வாசிப்பு வரலாறு. 1981 ஜூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பல நூல்களை வேறு இடங்களிலிருந்து பின்னர் தேடிப் பெற முடிந்தது. அந்தச் சீட்டுகளையும் குறிப்புகளையும் எங்கே தேடுவது?

அப்படிப்பட்ட குறிப்பொன்று என்னிடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரி பிரசுரமாக மலிவு விலையில் ஈழத்து நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அவ்வாறு வந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. வன்னியில் முல்லைத்தீவுப் பக்கம் உள்ள தண்ணிமுறிப்பு அதன் களம். நகரத்து வாசகரான நான் அதை முதலில் படித்தபோது காட்டின் அழகும், பதஞ்சலி என்ற பெண்ணின் கள்ளங்கபடமற்ற இயல்பும்தான் மனதில் நின்றன. மண்வாசனை, பாத்திர வார்ப்பு என்று அக்காலத்து வழக்கப்படி சிலாகித்தும் இருக்கிறேன்.

1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பக்கத்து முதியவர் ஒருவர் பல இடங்களில் அலைந்து, 1990களின் நடுப்பகுதியில் தெஹிவளையில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாவல் படிக்கும் பழக்கமுள்ளவரல்லர். பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்ததும் 'நிலக்கிளி'யை இரவலாகக் கொடுத்தேன். சிறிய புத்தகம். இரண்டு மாதம் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது, கதை எப்படி என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"தம்பி, கதை நல்ல கதையாய்த்தான் இருக்கும். நான் கதையை வாசிக்கேல்லை. ஊரைத்தான் வாசிச்சனான்" என்றார்.

கடைசியில் இருந்த வெற்றுத்தாளில் பென்சிலால் ஒரு படம் கீறியிருந்தார். குளக்கட்டு, துருசு, வாய்க்கால், வயல், ஒற்றையடிப் பாதை. பாதையோரம் சிறிய சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் பெயர். நாவலில் இல்லாத பெயர்கள். புத்தகத்தைப் பழுதாக்கிவிட்டேனோ என்று சங்கடப்பட்டார். இரு நிலைகள் என்று ரோசன்பிளாட் பிரித்ததெல்லாம் அந்தத் தாளில் ஒன்றாகிக் கிடந்தன. ஞாபகம் புகுந்து பொருளைத் திசைதிருப்பும் என்ற ரிச்சர்ட்ஸ் இதைப் பார்த்திருந்தால் எந்த இடர்ப்பாட்டில் சேர்த்திருப்பாரோ தெரியாது. நான் அதை அந்த நாவலுக்கு வந்த மிகச் சிறந்த விமர்சனங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

முதியவர் இப்போது இல்லை. போர் முடிந்த 2009க்குச் சில ஆண்டுகளின் பின்னர் அவருடைய மகன் என் வீட்டுக்கு வந்தார். காணி விஷயமாக ஊர்ப்பக்கம் போய்வருகிறோம், அப்பா ஏதோ ஒரு புத்தகத்தில் படம் கீறி வைத்ததாக அக்கா சொன்னா, அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நாவலையும் கொண்டுபோய்ப் படியுங்கள் என்றேன். பிறகு படிக்கிறேன் என்றார். காலி வீதியில் உள்ள ஒரு கடையில் அந்தக் கடைசித் தாளை மட்டும் நான்கு பிரதிகள் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.