பக்கியின் சஸ்பென்ஷனைச் செட் பண்ணக் கொடுக்கும் முன்

சொந்தமாகக் குழாய் வளைத்துக் கட்டிய ஆஃப்-ரோடு பக்கியில் காயில்ஓவரை, அதாவது ஸ்பிரிங் சுற்றிய ஷாக்கை, மாட்டிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. மேட்டில் ஏறினால் தூக்கிப் போடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டுகிறது. பாஹா போட்டிக்கு வண்டி கட்டும் கல்லூரி மாணவர்கள் முதல் வார இறுதியில் காட்டுப்பாதை தேடுபவர்கள் வரை, செட் பண்ணித் தர ஆள் தேடாதவர்கள் குறைவு. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் காலரை நாலு சுற்றுச் சுற்றி, ஷாக்கின் குமிழைத் திருகிவிட்டுப் போவார். எதை எவ்வளவு திருகினார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. உயிருக்கு ஆபத்து வருவதும், பின்னால் கேட்க வேண்டிய உரிமை கைநழுவுவதும் இதனால்தான்.

ஒரு ஷாக்கில் மேலே 200, கீழே 300 பவுண்டு என இரண்டு ஸ்பிரிங் அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து அழுந்தும்போது ஓர் அங்குலம் இறங்க 120 பவுண்டு எடை போதும். நடுவிலுள்ள ஸ்லைடர் மேலே நிறுத்து வளையத்தில் முட்டியதும் மேல் ஸ்பிரிங் ஒதுங்கிவிடும். அந்த இடத்திலிருந்து ஓர் அங்குலத்துக்கு 300 பவுண்டு வேண்டும். வளையத்தை ஓர் அங்குலம் நகர்த்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். அந்த வளையம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் 'ஸ்பிரிங்கை மாத்துங்க' என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுநர், எரிபொருள், ஸ்டெப்னி எல்லாம் ஏற்றிய நிலையில் நான்கு சக்கரத்தின் எடை, தரையிலிருந்து உயரம், காலருக்கு மேலே தெரியும் மரையின் நீளம், குமிழ் முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக், நைட்ரஜன் அழுத்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து, அதையும் எழுத வேண்டும். நல்ல மெக்கானிக் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

இதில் உயிரை எடுக்கக்கூடிய இடங்களும் உண்டு. ஷாக்கின் ரிசர்வாயரில் நைட்ரஜன் பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை அதில் ஏற்றுவது வெடிகுண்டு செய்வதற்குச் சமம், உள்ளே எண்ணெய் இருக்கிறது. வாயுவை வெளியேற்றாமல் ஷாக்கைப் பிரிப்பதும், அழுந்திய ஸ்பிரிங்கைக் கருவியால் பிடிக்காமல் காலரைக் கழற்றுவதும் அதே அளவு ஆபத்து. சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் லிமிட் ஸ்ட்ராப் இல்லாமல் வண்டியைக் குதிக்க விட்டால், கீழே தொங்கும் சக்கரத்தின் இழுவை முழுதும் ஷாக்கின் தண்டில் விழும்.

சாலைக்கு வந்தால் சட்டம் குறுக்கே நிற்கும். வகை ஒப்புதல் இல்லாத பக்கியைப் பதிவு செய்ய முடியாது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பதிவான ஜீப்பை உயர்த்துபவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வழி கொடுக்கும்.

காசு கொடுத்துச் செய்த வேலை கெட்டால் நீங்கள் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கு நிவாரணம் தருகிறது. நண்பர் இலவசமாகச் செய்து தந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே சிறிய தொகையானாலும் பில் வாங்குங்கள். ஷாக்கை நீங்களே பிரித்து மாற்றியிருந்தால், தயாரிப்பாளர் அதையே காட்டிப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாம்.

முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லோடு அந்த செட்டிங் தாளையும் இணையுங்கள். தண்டு வளைந்தோ உடைந்தோ போயிருந்தால் அதைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆணையம் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னால் காட்டுவதற்கு அந்த இரும்புதான் உங்களிடம் இருக்க வேண்டும்.